ஒம்பதாம் நம்பர் வீட்டுத் தாழ்ப்பாள்

எட்டு வீட்டுக்கு ஒரு குழாய், எட்டு வீட்டுக்கு ஒரு கக்கூஸ், எட்டு வீட்டுத் துணிக்கும் ஒரே கொடி, இப்படி இருக்கிற எங்க திருப்பூர் லைன் வீட்டுக் காம்பவுண்டுல ஒம்பதாவதா ஒரு கதவு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில, அதுவும் தண்ணி வர்ற நேரத்துல, அதனால யாருக்கும் ஆச்சரியப்பட நேரமில்லை. பத்து நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணி. அந்நேரம் கடவுளே நேர்ல வந்து நின்னாலும் "சாமி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, குடம் இடிக்குது"ன்னுதான் சொல்லுவோம். துவைக்கிற கல்லுக்குப் பின்னாடி வெறும் சுவரா இருந்த இடத்துல, இரும்புப் பட்டை அடிச்ச கனத்த மரக்கதவு ஒண்ணு நின்னுச்சு. நாங்க நிறைஞ்ச குடத்தை அதுல சாய்ச்சு வெச்சுட்டு மறுபடி வரிசைக்குப் போனோம். கடைசிக் குடமும் நிறைஞ்சு, குழாயில வெறும் காத்து வந்த பிறகுதான் மூணாம் நம்பர் பூனம், பீகார்ல இருந்து வந்து எங்க தமிழை எங்களைவிட வேகமாப் பேசுறவ, கேட்டா: "அக்கா, இது யார் வீடு?"

என் வீடு இல்லை. நான் ஏழாம் நம்பர். பேரு ஒச்சம்மா, ஊரு உசிலம்பட்டிப் பக்கம், வேலை பனியன் ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷின்ல. வாய் கொஞ்சம் நீளம்னு சொல்லுவாங்க, சொல்றவங்க வாய் மட்டும் என்ன குட்டையா. நடந்ததை நடந்தபடி சொல்ல இந்தக் காம்பவுண்டுல என்னை விட்டா ஆளில்லை, ஏன்னா இதுல நான் பண்ணின தப்பும் இருக்கு, அதையும் சேர்த்தே சொல்லணும்.

"அது நான் கட்டின வீடுக்கா"ன்னா எட்டாம் நம்பர் சசிரேகா, இடுப்புக் குடத்தை இறக்காமலே.

சசிக்குப் பகல்ல பனியன் கம்பெனியில வேலை, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து கையி, கழுத்து, முதுகுன்னு சட்டைத் துண்டுகளைத் துணி வீணாகாம அடுக்கணும். சாயங்காலம் வந்து சோத்தை வடிச்சு வெச்சுட்டா அவ வீட்டுல இருக்கிற பழைய கம்ப்யூட்டர்ல ஒரு விளையாட்டு. வாளும் கையுமா ஒருத்தர் பனிமலை பனிமலையா அலைஞ்சு, பறக்குற பூதப்பல்லியை எல்லாம் வெட்டுற விளையாட்டு அது. சசி எதையும் வெட்ட மாட்டா. வெட்டிட்டு வர்றவங்க களைச்சுப் போயி உக்கார ஒரு வீடு வேணும்ல, அந்த வீட்டைக் கட்டுவா. அப்படி விளையாட்டுக்குள்ள நாமளாச் சேக்குறதுக்கு 'மாட்'னு இங்கிலீஷ்ல பேராம். கட்டி முடிச்சு இண்டர்நெட்டுல போட்டா, உலகத்துல எங்கெங்கயோ இருக்கிறவங்க எடுத்துத் தங்கள் விளையாட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு, ரொம்ப அடக்கமா அழகா இருக்குன்னு ஒரு வரி எழுதிட்டுப் போவாங்களாம். கிண்ணத்தை அலமாரியில வெச்சா ஒரு நூல் அளவு மிதக்கக் கூடாது, ஒரு நூல் அளவு புதையவும் கூடாது, அதுக்காக ஒரு கிண்ணத்தோட அரைமணி நேரம் மல்லுக்கட்டுவா. பைத்தியமாடி உனக்குன்னு நானே திட்டியிருக்கேன்.

எதுக்கு அவ வீடு கட்டுனான்னு சொல்லிடறேன், சுத்தி வளைக்க மாட்டேன். உள்பக்கமாத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு, யாரும் தட்டாம, யாரும் திறக்காம, அவ தனியா உக்கார ஒரு இடம் வேணும். அவ்வளவுதான்.

அவ புருஷன் திருமூர்த்தியைத் தப்பானவர்னு யாராவது சொன்னா நானே அடிச்சிருப்பேன். குடி கிடையாது, பீடி கிடையாது. உடுமலைப் பக்கத்து ஆளு, "ஏனுங்க அக்கா, நீங்க வெச்சிருங்க, நான் தூக்கித் தர்றேனுங்க"ன்னு என் கேஸ் சிலிண்டரை எத்தனை தடவை தூக்கி வெச்சிருக்கார். கம்பெனியில அவருக்குச் செக்கிங் வேலை. பனியனை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, தையல் விட்டிருந்தா, கறை இருந்தா, அங்க ஒரு சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டணும். அந்த ஸ்டிக்கர் அவர் சட்டைப் பையிலயே இருக்கும். சரியாக் கழுவாத டம்ளர்ல ஒரு அம்பு, மடிப்புக் கோணின சேலையில ஒரு அம்பு, சசி பைக்குள்ள அவருக்குத் தெரியாத ஒரு பேனா இருந்தா அதுல ஒரு அம்பு. கையை ஓங்கினதில்லை, சத்தம் போட்டதில்லை. சசி கக்கூஸ் போனாக்கூட வெளியில நின்னு, "சசி, ஏழு நிமிஷம் ஆச்சும்மா"ன்னு தன்மையாச் சொல்லுவார். ஒருநாள் அவ முதுகுல, ரவிக்கைக்கு மேல, அம்புக்குறியோட தண்ணி எடுக்க வந்தா, நாங்க அத்தனை பேரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன், அதை நினைச்சா இப்ப என் கன்னத்துல நானே போட்டுக்கணும்போல இருக்கு.

அந்தத் திருமூர்த்தியைக் கம்பெனியில பெருந்துறைக் கிளைக்கு மூணு வாரம் அனுப்பி வெச்சாங்க. கதவு வந்தது அவர் போன மறுநாள்.

உள்ள போனோம். ஆளுயர அடுப்புல விறகே இல்லாம தீ எரியுது, எரியுது ஆனா சுடலை. மேல கறுத்த உத்தரம், உத்தரத்துல பூண்டுச் சரமும் காஞ்ச மிளகாயும், தரையில கம்பளி, அலமாரி நிறைய நீலமும் பச்சையுமாக் கண்ணாடிக் குப்பி, சின்னதா ஒரு மச்சு, மச்சுல ஒரு கட்டில், கட்டிலுக்குப் பக்கத்துல ஜன்னல், ஜன்னலுக்கு வெளியில பனி. கதவுக்கு இந்தப் பக்கம் கத்திரி வெயில்ல எங்க ஆஸ்பெஸ்டாஸ் கூரை வெடிச்சுக்கிட்டிருக்கு, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பஞ்சு மில்லைத் திறந்துவிட்ட மாதிரிப் பனி கொட்டிக்கிட்டிருக்கு. எட்டு வீட்டுப் பிள்ளைகளும் ஜன்னல்ல மூக்கை ஒட்டிக்கிட்டு நின்னதுங்க. மத்தியானத்துல ஒரு ஓநாய் வந்து எட்டிப் பாத்துட்டுப் போகும், அதுக்கு மணின்னு பேரு வெச்சாச்சு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அந்தப் பூதப்பல்லி கூரைக்கு மேல பறக்கும், குப்பியெல்லாம் கிணுகிணுங்கும், பூனம் எந்திரிச்சுப் போயி திரைச்சீலையை இழுத்துவிட்டுட்டு வந்து மறுபடி வெங்காயம் உரிப்பா.

வீட்டுக்காரம்மா வந்து பாத்தாங்க. எட்டு வீட்டுக்கும் சொந்தக்காரங்க அவங்கதான், ஒம்பதாவதை என்ன பண்றதுன்னு இடுப்புல கை வெச்சுக் கொஞ்ச நேரம் நின்னாங்க. "நான் கட்டலைங்கம்மிணி, அதனால நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது, ஆமா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

பிறகென்ன, அது எங்க வீடாயிருச்சு. மாவாட்டி அங்க கொண்டுபோய் வெச்சா புளிக்கவே மாட்டேங்குது, அதனால மாவு மட்டும் வெளியில. அஞ்சாம் நம்பர் கர்ப்பிணிப் பொண்ணு மத்தியானம் முழுக்க மச்சுல தூங்குனா. ரெண்டாம் நம்பர்ல புருஷனும் பொண்டாட்டியும் சண்டை போட்டா சமாதானத்துக்கு அடுப்போரம் போனாங்க. முதல் நாள் மச்சுப்படியில மூணாவது படிக்கு மேல எனக்குக் கால் எழும்பவே இல்லை, ஒட்டிக்கிட்ட மாதிரி நிக்கறேன், கீழ இருந்து சசி, "ஐயோ அக்கா, அங்க இன்னும் நடக்குற தடம் போடலை, இருங்க"ன்னு ஓடுனா. எட்டாம் நம்பர்ல கம்ப்யூட்டர்ல அவ கோடு இழுக்க இழுக்க, இங்க என் கால் ஒவ்வொரு படியா அவிழ்ந்துச்சு. சுவத்தைத் தள்ளணும்னா, "எல்லாரும் வெளிய வாங்க, சமையக்கட்டை நகத்துறேன்"னு சத்தம் குடுப்பா, நாங்க காய்கறித் தட்டோட வெளிய வந்து நிப்போம்.

இதுல ஒரு சங்கடம். அவ்வளவு பெரிய வீட்டுல கக்கூஸ் இல்லை.

"அந்த விளையாட்டுல யாரும் போக மாட்டாங்கக்கா"ன்னா சசி.

"போகாம எப்படிடி இருப்பாங்க? பல்லியை வெட்டுறவனுக்கு வயிறு இல்லையா?"

எட்டு வீட்டுப் பொம்பளைகளும் ஒரே பிடியா நின்னோம். வெள்ளைக்காரங்களும் சீனாக்காரங்களும் அந்த வீட்டைப் பாத்துட்டு, பின்கட்டுல வாளியும் செம்பும் வெச்சிருக்கிற சின்ன ரூம் எதுக்குன்னு இண்டர்நெட்டுல கேட்டு எழுதுனாங்களாம், கேட்டா கேட்டுட்டுப் போகட்டும். சசி கட்டுனா. உள்பக்கமா ஒரு இரும்புத் தாழ்ப்பாள், தள்ளுனா டக்குனு விழும். முதல்ல போனது நான். பிறந்ததுல இருந்து எனக்குக் கக்கூஸ்னா வெளியில யாராவது நின்னு இருமுறதுதான். அன்னைக்கு யாரும் இருமலை. நாப்பது நிமிஷம் உக்காந்திருந்தேன். ஒரு பாட்டுக்கூடப் பாடுனேன். வெளிய வந்தப்ப அழுதிருக்கேன்னு என் மூஞ்சியைப் பாத்து சசிதான் கண்டுபிடிச்சா, யார்கிட்டயும் சொல்லலை.

சாயங்காலம் ஆறுல இருந்து ஏழு வரைக்கும் சசி நேரம்னு பேச்சு. கட்டுனவளுக்கு ஒரு மணிநேரம் கூட இல்லாட்டி எப்படி? எல்லாரும் வெளிய வந்துருவோம், அவ உள்ள போயி வாசக்கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்குவா. "உள்ள என்னடி பண்ணுவ?"ன்னு ஒருநாள் கேட்டேன். "ஒண்ணுமே பண்ண மாட்டேன்க்கா"ன்னா. அதைச் சொல்றப்ப அவ மூஞ்சியில இருந்த சந்தோஷத்தை நான் எந்தக் கல்யாணத்துலயும் பாத்ததில்லை.

மூணாவது வாரம் சனிக்கிழமை, ஆறரை மணிக்குத் திருமூர்த்தி வந்தார். நான் கல்லுல துவைச்சுக்கிட்டிருந்தேன். "நல்லா இருக்கீங்களா அக்கா"ன்னு கேட்டுட்டு, புதுசா ஒரு கதவு நிக்குதேன்னு அசராம நேரா அதுக்குப் போனார். தட்டலை, தள்ளலை. நம்ம வீட்டுக்குள்ள நாம போற மாதிரி ஒரு எட்டு வெச்சார், உள்ள இருந்தார். கதவு சாத்துனது சாத்துனபடி. நான் ஈரக் கையோட போயி இடிச்சுப் பாத்தேன், தாழ்ப்பாள் போட்டபடியே இருந்துச்சு.

உள்ள சசி கத்தலை. "அடச்சே"ன்னு ஒரு சத்தம் மட்டும் வந்துச்சு, முடிஞ்சதுன்னு நினைச்ச வேலையில ஒரு இடத்தை விட்டுட்டவ சத்தம் அது.

என்ன தப்புன்னு அவளுக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சு போச்சு, மறுநாள் எங்களுக்கும் சொன்னா. அந்த விளையாட்டுல கல்யாணம் பண்ணிக்கலாமாம். கட்டிக்கிட்ட ஆளு நம்ம வீட்டுக்கு வந்து அடுப்போரம் உக்காரணும்னு எல்லாரும் ஆசைப்படுவாங்களாம், அந்த வசதி இல்லாத வீட்டை எவனும் எடுக்க மாட்டானாம். இந்த வீட்டை அவ கட்ட ஆரம்பிச்சது கல்யாணமான புதுசுல. புருஷன் இந்த நாற்காலியில உக்காருவான், இந்த அடுப்புல கையைக் காட்டிக் குளிர் காய்வான், இந்த ஜன்னல்ல சாய்ஞ்சு நிப்பான்னு இடம் இடமா, ஆசை ஆசையா, கம்ப்யூட்டர்ல முப்பத்திநாலு குறி வெச்சிருந்தா. குறி இருக்கிற இடத்துக்குப் புருஷன் எப்ப வேணும்னாலும் வரலாம், பூட்டு அவனைக் கேக்காது. தாழ்ப்பாளை அவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்சவ, இதை மறந்துட்டா.

ஞாயித்துக்கிழமை காலையில ஒம்பதாம் நம்பர்ல கூடுனோம். அலமாரியில மூணு குப்பிக்கு அம்பு, கம்பளி ஓரத்துல அம்பு, கக்கூஸ் தாழ்ப்பாள்ல ஒரு அம்பு. திருமூர்த்தி நடுவுல நின்னு எல்லாரையும் பாத்து, அதே தன்மையா, "நல்லாத்தானுங்க இருக்குது, ஆனா எதுக்குங்க இதெல்லாம்? சசிக்குக் கண்ணு கெட்டுப் போவுது. அழிச்சிரு சசி"ன்னார்.

அழிக்கிறதான்னு நாங்க பதறிட்டோம். அஞ்சாம் நம்பர் பொண்ணு எங்க தூங்குவா, பிள்ளைகளுக்குப் பனி வேணாமா, கக்கூஸ்? ஆனா பாருங்க, அத்தனை பேர்ல ஒருத்தர்கூட அவருக்கு எதிராப் பேசலை. வீடு இருக்கட்டும் தம்பி, நீங்களும் வந்து போங்க, உங்க வீடுதானேன்னு சமாதானம் பேசினோம். சசி மட்டும், "வீட்டை அழிக்க மாட்டேன். குறியை எடுக்கப் போறேன்"னா. ரெண்டாம் நம்பர்க்காரர், "புருஷனுக்குத் திறக்காத வீடு என்ன வீடும்மா?"ன்னார். திருமூர்த்தி சிரிச்சார். கூட்டம் கலைஞ்சது. அவர் ஓவர்டைம் போறப்ப கம்ப்யூட்டர் கரண்ட் ஒயரைக் கழட்டிச் சுருட்டி, "ஒரு வாரம் கண்ணுக்கு ரெஸ்ட் குடும்மா"ன்னு சொல்லி பைக் பெட்டியில போட்டுப் பூட்டிக்கிட்டுப் போனார்.

சசி என் வீட்டு வாசலுக்கு வந்தா. நான் பண்ணின தப்பு இதுதான். அவளை உக்கார வெச்சு, டீ குடுத்து, "அவர் தங்கமான மனுஷன் புள்ள. அந்தக் குறி இருந்துட்டுப் போகட்டும், கொஞ்சம் அனுசரிச்சுக்க. வீடு கிடைச்சுதே, அது போதாதா?"ன்னேன்.

அவ டீயைக் குடிச்சு முடிச்சா. டம்ளரைக் கழுவி வெச்சா.

"அக்கா, அன்னைக்கு அந்தக் கக்கூஸ்ல எவ்வளவு நேரம் இருந்தீங்க?"

"நாப்பது நிமிஷம்டி."

"எனக்கு அந்த நாப்பது நிமிஷம் வேணும்க்கா. கம்பளி வேணாம், பனி வேணாம், ஊர்ல நாலு பேரு நல்லா இருக்குன்னு எழுத வேணாம். அவர் நல்லவரா கெட்டவரான்னு நான் உங்ககிட்டக் கேக்கலை. முப்பத்திநாலையும் எடுத்தாத்தான் ஆகும். ஒண்ணு மிச்சம் இருந்தாலும் அது வழியா வந்துருவார். இன்னைக்கு முடியாட்டி நாளைக்கு எடுப்பேன், ஒயர் இல்லாட்டி ஒயர் வாங்கி எடுப்பேன், கம்ப்யூட்டரைத் தூக்கி எறிஞ்சாலும் வேற கம்ப்யூட்டர்ல எடுப்பேன். உங்ககிட்ட ஒயர் இருக்கான்னு கேக்கத்தான் வந்தேன்."

என்கிட்ட இல்லை. ஆனா பூனம் வீட்டு ரைஸ் குக்கர் ஒயரும் கம்ப்யூட்டர் ஒயரும் பின்னாடி பாத்தா ஒண்ணுதான், மூணு துளை. இதைக் கண்டுபிடிச்சது நான், பெருமைக்குச் சொல்லலை, அன்னைக்கு நான் உருப்படியாச் செஞ்சது அது ஒண்ணுதான். பூனம் பாதி வெந்த சோத்துல இருந்து ஒயரைப் பிடுங்கிக் குடுத்தா. "என் வீட்டு ஆளு கேட்டா குக்கர் கெட்டுப் போச்சுன்னு சொல்றேன். நீ செய் சசி"ன்னு சொல்லிட்டு, அரிசியை விறகடுப்புக்கு மாத்துனா.

"எல்லாரும் வெளிய வாங்க"ன்னு சசி சத்தம் குடுத்தது பத்து மணிக்கு. மச்சுல தூங்குன பொண்ணைக் கைத்தாங்கலா இறக்கிக் கூட்டிட்டு வந்தோம். அவ வேலையில உக்காந்தா, நான் பக்கத்துல. ஒவ்வொரு குறியும் கம்ப்யூட்டர்ல ஒரு சின்னப் பச்சைப் பெட்டி மாதிரித் தெரிஞ்சது. சில குறி சுவத்துக்குள்ள ஒளிஞ்சு கிடக்கு, சில குறி நாற்காலிக்குள்ளயே, சிலது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மாத்திக் கட்டின ரூம்ல மறந்து போனது. பதினொண்ணு எடுத்தப்ப கம்ப்யூட்டர் அணைஞ்சு போச்சு, பாதி வேலை காணோம். நான் தலையில கை வெச்சேன். அவ தலையில கை வெக்கலை, முதல்ல இருந்து ஆரம்பிச்சா. மத்தியானச் சோறு பூனம் கொண்டுவந்து ஊட்டிவிட்டா, வாயைத் திறந்தா, கண்ணு திரையில. மூணு மணிக்கு இருபத்தியாறு. நாலரைக்கு முப்பத்திமூணு. கடைசி ஒண்ணு அடுப்புக்கு எதிர்த்தாப்புல, அவ நாற்காலியைப் பாத்த மாதிரிப் போட்ட நாற்காலியில இருந்துச்சு. அதைத்தான் முதன்முதல்ல வெச்சேன்க்கான்னா. ஒரு நிமிஷம் பாத்துக்கிட்டே இருந்தா, நான் தோளைத் தொட்டேன், அதையும் எடுத்தா. எடுத்துட்டு ஒயரைக் கழட்டிப் பூனம் கையில குடுத்து, மூஞ்சியைக் கழுவிட்டு, ஒம்பதாம் நம்பருக்குள்ள போயிட்டா.

ஆறு மணிக்குத் திருமூர்த்தி வந்தார். துவைக்கிற கல்லைத் தாண்டிப் போயி நின்னார். நாங்க அத்தனை பேரும் வாசல்ல நிக்கறோம், எங்க கண்ணுக்குக் கதவு இருக்கு, இரும்புப் பட்டை இருக்கு, கதவடியில அடுப்பு வெளிச்சம் தெரியுது. அவர் கண்ணுக்கு வெறும் சுவருதான், அதைத் தடவுறார். கையில சுண்ணாம்பு ஒட்டுது. இங்கிட்டும் அங்கிட்டும் தடவிப் பாத்தார், பனியனைத் தூக்கிப் பாக்குற மாதிரித் தலையைச் சாய்ச்சுப் பாத்தார். சட்டைப் பைக்குள்ள கையை விட்டு ஒரு அம்பை எடுத்தார், எங்க ஒட்டுறதுன்னு தெரியாம விரல்லயே வெச்சுக்கிட்டு நின்னார். பாவமாத்தான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். இத்தனை சிலிண்டரைத் தூக்கின கை அது.

"ஒச்சம்மாக்கா, நீங்க உள்ள போவீங்கதானுங்க?"

"போவேன் தம்பி."

"போயி சசியைக் கொஞ்சம் கூப்பிட்டு விடுங்க. நீங்க கூப்பிட்டா வந்துருவா. ஒண்ணும் சொல்ல மாட்டேனுங்க, வீட்டுக்குப் போலாம்னு மட்டும்தான்."

அத்தனை பேரும் என்னைப் பாத்தாங்க. பூனம் ஒரு மாதிரிப் பாத்தா. அவர் கேட்டு நான் மாட்டேன்னு சொன்னதே கிடையாது, சரி தம்பின்னு வாய் தன்னாலயே சொல்லிருச்சு. கதவைத் தள்ளுனேன், திறந்துச்சு, அவ்வளவு அசதியில தாழ்ப்பாள் போடக்கூட மறந்திருக்கா. உள்ள போனேன்.

சசி அடுப்புக்கு முன்னாடி கம்பளியில படுத்துத் தூங்கிக்கிட்டிருந்தா. ஒருக்களிச்சு இல்லை, மல்லாந்து, கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமா, வாயைத் திறந்து, குறட்டை விட்டு. பக்கத்து வீட்டுல ஆறு வருஷமா இருக்கேன், மெல்லிசுச் சுவரு, அவ குறட்டை விட்டு நான் கேட்டதே இல்லை.

"அக்கா, கூப்பிட்டீங்களா?" வெளியில இருந்து அவர் குரல், எப்பவும் போல மரியாதையா.

நான் திரும்பிப் போயி கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன்.